வங்கக் கடலடியில் காபனீரொட்சைட்டு: களஞ்சியம் திறக்கப்படும் முன் கேட்கவேண்டிய கேள்விகள்

சென்னையிலுள்ள இந்திய தொழில்நுட்பக் கழகத்தின் (ஐ.ஐ.ரி) ஆய்வாளர்கள் 2024 இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். தொழிற்சாலைகளும் அனல் மின் நிலையங்களும் வெளியேற்றும் காபனீரொட்சைட்டு வாயுவைப் பிடித்து, 500 மீற்றருக்கும் கூடிய ஆழத்தில், திரவமாகவோ பனிக்கட்டி போன்ற திண்மமாகவோ கடலடியில் நிரந்தரமாகச் சேமிக்கலாம் என்றார்கள். வங்கக் கடல் மட்டுமே பல நூறு கிகாதொன் வாயுவை ஏற்கக்கூடியது என்பது அவர்களுடைய கணக்கு. ஒரு கிகாதொன் என்பது நூறு கோடி தொன். முழு இந்தியாவும் ஓர் ஆண்டில் வெளியேற்றும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ மூன்று கிகாதொன். ஒரு பெரிய நாட்டின் பல தலைமுறைக் கழிவை ஒரே கடலின் அடியில் வைத்துவிடலாம் என்பதுதான் இதன் பொருள்.

வங்கக் கடலின் தென்மேற்குக் கரையில் பருத்தித்துறையும் முல்லைத்தீவும் திருகோணமலையும் மட்டக்களப்பும் இருக்கின்றன. அந்தக் கரையில் வலை இழுப்பவர்கள் எங்கள் மக்கள். ஆனால் இந்த மதிப்பீடு பற்றி எமது ஊடகங்களில் ஒரு நல்ல விளக்கத்தை நான் இதுவரை காணவில்லை. விஞ்ஞானம் என்றால் அது ஆய்வுகூடத்துக்குரியது, அரசியல் என்றால் அது கொழும்புக்கும் ஜெனீவாவுக்கும் உரியது என்று பிரித்துவைத்துவிட்டோம். இரண்டும் சந்திக்கும் இடங்களில்தான் எமது நிலமும் கடலும் பறிபோயிருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆய்வு மட்டத்திலான மதிப்பீடு. நாளை காலை எவரும் குழாயோடு வந்து நிற்கப்போவதில்லை. அதனால்தான் இப்போதே இதை விளங்கிக்கொள்ள எமக்கு அவகாசம் இருக்கிறது. திட்டம் வந்த பின் படிக்கத் தொடங்குபவர்கள் எப்போதும் பிந்தியே போராடுகிறார்கள்.

வாயுவைச் சிறைவைக்கும் நீர்

பனிக்கட்டி போன்ற அந்தத் திண்மத்துக்கு வாயு ஐதரேற்று என்று பெயர். தமிழகத்தில் ஹைட்ரேட் என்று எழுதுவார்கள். நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் கைகோர்த்து ஒரு பின்னலாக அமைகின்றன. குளிரும் அமுக்கமும் போதுமான அளவு இருந்து, பக்கத்தில் வாயுவும் இருந்தால், அந்தப் பின்னல் கூடு கூடாக உருவாகி ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் ஒரு வாயு மூலக்கூறைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

எமது பரவைக்கடலில் வைக்கும் மீன்கூட்டை நினைத்துப் பாருங்கள். ஒரு வித்தியாசம் உண்டு. மீன் இல்லாவிட்டாலும் மீன்கூடு கூடாகவே இருக்கும். ஐதரேற்றில் உள்ளே வாயு இருந்தால்தான் கூடு நிற்கும். வாயு வெளியேறினால் கூடு உடைந்து வெறும் நீராகிவிடும். காபனீரொட்சைட்டு ஐதரேற்றின் அடிப்படை அலகில் 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்து எட்டுக் கூடுகளை அமைக்கின்றன. ஒரு கன மீற்றர் ஐதரேற்றுக்குள், சாதாரண வளிமண்டல நிலையில் 150 முதல் 170 கன மீற்றர் இடத்தை எடுக்கும் வாயு அடங்கிவிடும். களஞ்சியம் என்ற எண்ணம் பிறந்தது இந்தக் கொள்ளளவிலிருந்துதான்.

இதற்கு எவ்வளவு குளிர், எவ்வளவு அமுக்கம் வேண்டும்? பூச்சியம் பாகை செல்சியஸில் ஏறத்தாழ 12 வளிமண்டல அமுக்கம் போதும். 10 பாகையில் 45 வளிமண்டலம் வேண்டும். 10 பாகையைத் தாண்டினால் அமுக்கத்தை எவ்வளவு கூட்டினாலும் ஐதரேற்று உருவாவது மிகக் கடினம். கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடும். எமது கடலின் மேற்பரப்பு 28 பாகை வெப்பத்தில் இருப்பதால், பல நூறு மீற்றர் இறங்கிய பின்புதான் 10 பாகைக் குளிர் கிடைக்கும். 500 மீற்றர் என்ற கணக்கு வந்தது இப்படித்தான். ஆழம் குறைந்த பாக்கு நீரிணையில் இது நடக்கவே நடக்காது. ஆனால் கிழக்கே கண்டமேடை முடிந்து கடல் ஆழத்துக்கு இறங்கும் இடங்களில் குளிரும் அமுக்கமும் தாராளமாக இருக்கின்றன. திருகோணமலையில் துறைமுக வாயிலுக்கு அருகிலேயே ஓர் ஆழ்கடல் பள்ளத்தாக்கு தொடங்குகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. குளோரினும் நீரும் சேர்ந்து திண்மமாவதை இங்கிலாந்தின் ஹம்பிரி டேவி 1810 இல் எடுத்துக்காட்டினார். காபனீரொட்சைட்டு ஐதரேற்றைப் போலந்து விஞ்ஞானி விரொப்லெவ்ஸ்கி 1882 இல் அறிவித்தார். 1934 வரை இது ஆய்வுகூட வேடிக்கையாகவே கிடந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவின் ஹமர்ஷ்மிட், குளிர்காலத்தில் எரிவாயுக் குழாய்களை அடைத்துக்கொள்வது வெறும் பனிக்கட்டி அல்ல, ஐதரேற்று என்று காட்டினார். அன்றிலிருந்து எண்ணெய், எரிவாயுத் தொழிலின் நிரந்தரத் தலையிடி இதுதான்.

மன்னார் எரிவாயுவும் இதே விதியும்

அந்தத் தலையிடி எவ்வளவு பெரியது என்பதை உலகம் 2010 இல் பார்த்தது. மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வோட்டர் ஹொரைசன் எண்ணெய்த் தளம் வெடித்து 11 பேர் இறந்தார்கள். ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்தில் எண்ணெய் பீறிட்டது. மே மாதத் தொடக்கத்தில் பீ.பி. நிறுவனம் ஒரு பெரிய இரும்புக் கூடாரத்தை இறக்கிக் கசிவை மூடப் பார்த்தது. கசிந்த வாயுவும் குளிர்ந்த கடல்நீரும் சேர்ந்து கூடாரத்தின் உச்சியில் ஐதரேற்றாக அடைத்துக்கொண்டன. முயற்சி கைவிடப்பட்டது. உலகின் பணக்கார நிறுவனங்களில் ஒன்று, கோடிக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, ஐஸ் போன்ற ஒரு பொருளிடம் தோற்றது.

இதை நான் சொல்வதற்குக் காரணம் மன்னார். 2011 இல் கெய்ர்ன் லங்கா நிறுவனம் மன்னார் படுகையில் டொராடோ, பராகுடா என்ற இரு கிணறுகளில் எரிவாயுவைக் கண்டது. இரண்டும் 1,300 மீற்றருக்கும் கூடிய கடலாழத்தில் இருக்கின்றன. 2015 இல் நிறுவனம் விலகிக்கொண்டது. அதன் பின் வந்த ஒவ்வோர் ஆட்சியும் மன்னார் எரிவாயு நாட்டின் கடனைத் தீர்க்கும் என்று மேடையில் பேசியிருக்கிறது. அந்த ஆழத்தின் குளிரிலும் 130 வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அமுக்கத்திலும் குழாயில் வரும் மெதேன் வாயு, நீர் கலந்தால் ஐதரேற்றாக உறையும். அதைத் தடுக்க மெதனோல் அல்லது கிளைக்கோல் போன்ற இரசாயனங்களைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும், அல்லது குழாயைச் சூடாக வைத்திருக்க வேண்டும். இவை செலவு. மேடைப் பேச்சில் செலவு வருவதில்லை.

ஐதரேற்றைத் தடையாகப் பார்த்தவர்களே பின்னர் அதைப் பெட்டியாகவும் பார்த்தார்கள். இயற்கை எரிவாயுவைத் திரவமாக்கிக் கொண்டுபோக அதை மறை 162 பாகைக்குக் குளிர்விக்க வேண்டும். ஐதரேற்று உருண்டைகளாக மாற்றினால் மறை 20 பாகை அளவிலேயே வைத்திருக்கலாம். ஜப்பானிய நிறுவனங்கள் இதைப் பரிசோதனை அளவில் செய்து பார்த்தன. திரவமாக்கினால் 600 மடங்கு சுருங்கும் வாயு, ஐதரேற்றில் 160 மடங்கு அளவே சுருங்கும் என்பதால், பெருந்தூரக் கப்பல் வணிகத்தில் திரவ வாயுவை அது வெல்லவில்லை. களஞ்சியமாக ஐதரேற்றின் எதிர்காலம் மெதேனை விடக் காபனீரொட்சைட்டில்தான் அதிகம் என்று இப்போது பல ஆய்வாளர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடலடியில் என்ன நடக்கும்?

கடலடியில் காபனீரொட்சைட்டை வைப்பதற்கு இரண்டு வழிகள் பேசப்படுகின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

முதலாவது, கடல்நீருக்குள்ளேயே இறக்கிவிடுவது. ஏறத்தாழ 3,000 மீற்றருக்குக் கீழே திரவக் காபனீரொட்சைட்டு கடல்நீரை விட அடர்த்தி கூடியது. எனவே அது மிதக்காமல் தங்கும். 1998 இல் அமெரிக்காவின் மொன்றரே குடாக் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பீற்றர் புரூவர் குழுவினர் கலிபோர்னியாவுக்கு அப்பால் 3,600 மீற்றர் ஆழத்தில், ஆளில்லா ஊர்தி ஒன்றின் உதவியுடன் ஒரு பாத்திரத்தில் திரவக் காபனீரொட்சைட்டை ஊற்றினார்கள். சில மணி நேரத்தில் பாத்திரத்தின் அடியில் ஐதரேற்று திரண்டு, மேலிருந்த திரவத்தை வழியவைத்தது. விதி ஆய்வுகூடத்துக்கு வெளியிலும் வேலை செய்தது. ஆனால் ஒரு சிக்கல். திறந்த கடல்நீரில் காபனீரொட்சைட்டின் செறிவு குறைவு. அதனால் ஐதரேற்று உருகாவிட்டாலும் மெல்ல மெல்லக் கரையும். கரைந்தால் நீர் அமிலமாகும். அங்கு வாழும் உயிரினங்கள் பாதிக்கப்படும்.

இரண்டாவது, கடற்படுக்கைக்குக் கீழே, சேற்றுக்குள் செலுத்துவது. சேற்றின் துளைகளில் உள்ள நீர் ஓடாத நீர். அது விரைவில் வாயுவால் நிறைவடையும். பிறகு ஐதரேற்று கரையாமல் நிற்கும். 2006 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர், ஆழ்கடல் சேற்றில் திரவக் காபனீரொட்சைட்டுக்கு மேலே ஐதரேற்றுப் படை உருவாகி, போத்தலுக்கு மூடி போல அடைத்துக்கொள்ளும் என்று கணித்து எழுதினார்கள். வங்கக் கடலின் அடியில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் பல கிலோமீற்றர் தடிப்பில் கிடக்கிறது. ஆய்வாளர்களின் கண் வங்கக் கடலில் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது ஓர் எண்ணமும் உண்டு. இயற்கையாகவே கடலடியில் மெதேன் ஐதரேற்று பெருமளவில் இருக்கிறது. இந்தியா 2006 இலும் 2015 இலும் துளையிட்டுப் பார்த்தபோது கிருஷ்ணா, கோதாவரிப் படுகையில் தடித்த படைகள் அகப்பட்டன. அதற்குள் காபனீரொட்சைட்டைச் செலுத்தினால், அது கூட்டுக்குள் புகுந்து மெதேனை வெளியே தள்ளும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்: எரிவாயுவும் கிடைக்கும், கழிவும் அடங்கும். 2012 இல் அலஸ்காவில் காபனீரொட்சைட்டும் நைதரசனும் கலந்த வாயுவைச் செலுத்தி இதைச் சோதித்தார்கள். மெதேன் வந்தது. ஆனால் அது ஒரு மாத அளவிலான சோதனை. 2013 இல் ஜப்பான் தன் கடலடி மெதேன் ஐதரேற்றிலிருந்து வாயு எடுத்தபோது, ஆறாம் நாள் கிணற்றுக்குள் மணல் புகுந்து நின்றுபோனது. சீனா 2017 இலும் 2020 இலும் தென் சீனக் கடலில் கூடிய நாட்கள் எடுத்துக் காட்டியது. இவற்றில் எதுவும் இன்னும் வணிக உற்பத்தியாக மாறவில்லை.

30 நாட்களும் ஆயிரம் ஆண்டுகளும்

இந்த இடத்தில் எண்களைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சிங்கப்பூர் தேசிய பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021 இல், ஆழ்கடல் நிலைமையை ஆய்வுகூடத்தில் உருவாக்கி, மணல் படிவில் காபனீரொட்சைட்டு ஐதரேற்று 30 நாட்கள் உருக்குலையாமல் இருந்ததைக் காட்டினார்கள். அது மதிப்புள்ள ஆய்வு. ஆனால் களஞ்சியம் என்று சொல்லப்படும் காலமோ நூற்றாண்டுகள், ஆயிரம் ஆண்டுகள். 30 நாட்களிலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் போகக் கணினிக் கணிப்புத்தான் பாலம். அந்தப் பாலத்தின் மீது நடக்கச் சொல்பவர்கள், அது எவ்வளவு பாரம் தாங்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

கடலடியில் காபனீரொட்சைட்டைச் சேமிப்பதில் உலகில் நீண்ட அனுபவம் உள்ள நாடு நோர்வே. 1996 முதல் ஸ்லைப்னர் வயலில் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் தொன் வாயுவைக் கடலுக்கடியில் செலுத்தி வந்திருக்கிறது. 2025 ஓகஸ்டில் 'நோர்தேர்ன் லைற்ஸ்' திட்டம் பிற தொழிற்சாலைகளின் வாயுவையும் ஏற்கத் தொடங்கியது. ஆனால் இவை ஐதரேற்று முறை அல்ல. கடற்படுக்கைக்கு மிகக் கீழே உள்ள மணற்கல்லில், மேலே இறுகிய களிப்பாறை மூடியாக இருக்கும் இடத்தில் செலுத்தும் முறை. ஐதரேற்று முறைக்கு அந்த அளவு அனுபவம் எங்கும் இல்லை.

ஸ்லைப்னரின் வேகத்தை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஒரு கிகாதொன்னை அடக்க அப்படி ஒரு திட்டம் ஆயிரம் ஆண்டுகள் ஓட வேண்டும், அல்லது ஆயிரம் திட்டங்கள் ஓராண்டு ஓட வேண்டும். 'பல நூறு கிகாதொன்' என்பது கடலில் இடம் இருக்கிறது என்பதற்கான அளவு. அந்த இடத்தை நிரப்ப முடியும் என்பதற்கான அளவு அல்ல. புகைக்குழாயில் வாயுவைப் பிரித்தெடுப்பது, அமுக்குவது, குழாயிலோ கப்பலிலோ ஆழ்கடலுக்குக் கொண்டுபோவது எல்லாவற்றுக்கும் மின்சாரமும் பணமும் வேண்டும். இதை மறைத்து எண்ணை மட்டும் சொன்னால், 'கடல் பார்த்துக்கொள்ளும், நிலக்கரியைத் தொடர்ந்து எரிக்கலாம்' என்ற எண்ணத்துக்கே அது உதவும்.

எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்

இப்படியான செய்தி பரவும்போது கூடவே வதந்தியும் பரவும். 1986 ஓகஸ்டில் கமரூனின் நியோஸ் ஏரியிலிருந்து ஒரே இரவில் வெளியேறிய காபனீரொட்சைட்டு 1,700 க்கும் மேற்பட்டவர்களை மூச்சுத்திணறடித்துக் கொன்றது. 'கடலிலும் அப்படி நடக்கும்' என்று எவராவது எழுதுவார்கள். நியோஸ் ஏறத்தாழ 200 மீற்றர் ஆழமான ஏரி. அதன் அடியில் வாயு கரைந்து நிறைந்திருந்தது. ஆயிரக்கணக்கான மீற்றர் ஆழத்தில், திரவமோ ஐதரேற்றோ நீரை விட அடர்த்தியாகக் கிடக்கும் நிலை வேறு. அங்கிருந்து ஒரே இரவில் மேகமாக எழும் என்ற பயம் தேவையற்றது.

பயப்பட வேண்டியவை வேறு. ஒன்று, வாயுவை நிலத்தில் கொண்டுவரும் பாதை. 2020 பெப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சற்றாஷியா என்ற சிற்றூருக்கு அருகே காபனீரொட்சைட்டுக் குழாய் வெடித்தது. 45 பேர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அந்த வாயு காற்றை விடப் பாரமானது. பள்ளத்தில் தேங்கும். வாகன இயந்திரங்கள் கூட நின்றுவிடும். இரண்டு, ஆழ்கடல் சேற்றில் வாழும் உயிரினங்கள் அமிலத்தன்மையால் பாதிக்கப்படுவது. எமது கடற்றொழிலாளர் பிடிக்கும் மீன் பெரும்பாலும் மேல்நீரில் வாழ்வது என்பதால், சேற்றுக்குள் முறையாகச் செலுத்தினால் வலைக்கு உடனடி ஆபத்து குறைவு. ஆனால் துளையிடும் கப்பல்களும் அவற்றைச் சுற்றி விதிக்கப்படும் பாதுகாப்பு வலயங்களும் நாளாந்தத் தொழிலை உடனடியாகவே பாதிக்கும். 'பாதுகாப்பு வலயம்' என்ற சொல்லின் பொருளை எமக்கு எவரும் அகராதி பார்த்துச் சொல்லத் தேவையில்லை.

மூன்று, கண்காணிப்பு. ஆயிரம் ஆண்டு காவல் காக்கவேண்டிய ஒரு களஞ்சியத்தை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் அரசுகளும் நட்டம் வந்தால் விலகும் நிறுவனங்களும் எப்படிக் காவல் காக்கும்? கசிந்தால் யார் பொறுப்பு? இந்தக் கேள்விக்கு விடை எழுதப்படும் முன் அனுமதி எழுதப்படக்கூடாது.

கோடு கீறியவர்களும் கரையில் இருந்தவர்களும்

2009 மே 8 ஆம் திகதி இலங்கை அரசு ஐக்கிய நாடுகளின் கண்டமேடை எல்லைகள் ஆணைக்குழுவிடம் ஒரு விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தது. 200 கடல் மைலுக்கு அப்பாலும் வங்கக் கடலின் தென்பகுதிக் கடற்படுக்கை தனக்குரியது என்பதே அந்தக் கோரிக்கை. படிந்துள்ள வண்டலின் தடிப்பே அதன் அடிப்படை. அதாவது, இன்று களஞ்சியமாகப் பார்க்கப்படும் அதே வண்டல். அந்தத் திகதியை நிர்ணயித்தது போர் அல்ல. பல நாடுகளுக்கு 2009 மே 13 இறுதி நாளாக இருந்தது. என்றாலும் அந்த நாட்களில் முள்ளிவாய்க்கால் மணலில் கடலுக்கும் களத்துக்கும் இடையே நின்றவர்களும், அவர்களின் உறவுகளும் இந்தக் கட்டுரையை வாசிக்கிறார்கள். அரசு அன்று கடலின் அடியைக் கோரியது. கடலின் கரையில் நின்ற மனிதர்கள் அந்தக் கோப்பில் இல்லை.

1974 இலும் 1976 இலும் கொழும்பும் புதுடில்லியும் கடலில் எல்லைக் கோடு கீறியபோதும் இதுதான் நிலை. மேசையில் இரு அரசுகள் இருந்தன. இரு கரைக் கடற்றொழிலாளரும் இருக்கவில்லை. அந்தக் கோட்டின் விலையை ராமேஸ்வரமும் நெடுந்தீவும் இன்றும் செலுத்துகின்றன. 2006 இல் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களின் காணிகளில் நிலக்கரி அனல் மின் நிலையம் அமைக்க இரு அரசுகளும் உடன்பட்டன. 2016 இல் அது கைவிடப்பட்டது. இப்போது சூரிய மின்சக்தி வந்திருக்கிறது. 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இருந்தார்கள். நிலக்கரி கறுப்பு, காற்றும் சூரியனும் பச்சை. கரையோர மக்களுக்கு வந்து சேர்ந்த முறை ஒன்றுதான்: முதலில் தீர்மானம், பிறகு அறிவித்தல்.

நாங்கள் சக்திக்கு எதிரானவர்கள் அல்லர். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்ச மண்ணெண்ணெய்யும் விட்டுச் சிக்கன விளக்கில் படித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்யின் பெறுமதி எனக்குத் தெரியும். 2022 இல் எரிவாயு சிலிண்டருக்காக முழு நாடும் வரிசையில் நின்றபோது, இது எமக்குப் பழகிய வரிசை என்று பலர் சொன்னதையும் கேட்டேன். காலநிலை மாற்றத்தின் அடியும் எமக்குத்தான் முதலில் விழுகிறது. உலகின் காபனீரொட்சைட்டில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்று கூட இல்லை. ஆனால் கடலரிப்பும் புயலும் உப்பேறும் கிணறும் பங்கு பார்த்து வருவதில்லை. எனவே வளிமண்டலத்திலிருந்து கரியை அகற்றும் முயற்சி எதையும் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பது எமக்கு நன்மையல்ல. கேட்காமல் செய்வதைத்தான் எதிர்க்க வேண்டும்.

கேட்ட இடங்களும் உண்டு. 2000 களின் தொடக்கத்தில் அமெரிக்கா, ஜப்பான், நோர்வே உள்ளிட்ட நாடுகள் சேர்ந்து ஹவாய் தீவின் கோனாக் கரைக்கு அப்பால் கடல்நீருக்குள் காபனீரொட்சைட்டைச் செலுத்தும் ஒரு சிறிய களச் சோதனையைத் திட்டமிட்டன. கரையோர மக்களும் மீனவர்களும் எதிர்த்தார்கள். சோதனை அங்கிருந்து நோர்வேக்கு நகர்ந்தது. 2002 ஓகஸ்டில் நோர்வேயின் சுற்றாடல் அமைச்சரே அதை நிறுத்தினார். பெரிய அரசுகள் பின்வாங்கியதற்குக் காரணம், அந்த மக்கள் என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே அறிந்திருந்ததுதான்.

சட்டம் தரும் கைப்பிடி

சர்வதேசச் சட்டத்திலும் சில பிடிகள் இருக்கின்றன. கடலில் கழிவு கொட்டுவதைக் கட்டுப்படுத்தும் லண்டன் நெறிமுறை 2006 இல் திருத்தப்பட்டது. கடற்படுக்கைக்குக் கீழேயுள்ள புவியியல் படிவுகளில் காபனீரொட்சைட்டைச் சேமிக்க அது இடம் தருகிறது. கடல்நீருக்குள் கொட்ட இடம் தரவில்லை. ஆகவே 'ஐதரேற்றாகச் சேமிப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் நாம் கேட்கவேண்டியது: நீரிலா, சேற்றுக்குள்ளா?

2024 மே 21 இல் கடற்சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் ஒரு முக்கியமான ஆலோசனைக் கருத்தை வழங்கியது. மனிதர் வெளியேற்றும் பச்சைவீட்டு வாயுக்கள் கடல் மாசாகவே கருதப்பட வேண்டும் என்றது. ஒரு வகை மாசை இன்னொரு வகை மாசாக மாற்றக்கூடாது என்ற கடற்சட்டக் கடப்பாட்டையும் அது நினைவுபடுத்தியது. வளியிலுள்ள கரியைக் கடலுக்கு இடம்மாற்றும் எந்தத் திட்டத்துக்கும் இது உரைகல். ஒரு நாட்டின் செயல் அயல்நாட்டின் கடலைப் பாதிக்கக்கூடாது என்பதும், பாதிப்பு வரக்கூடும் என்றால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளவை. வங்கக் கடலில் சென்னைக்கு எதிரே செய்யப்படும் ஒன்றுக்கும் முல்லைத்தீவு கேள்வி கேட்கலாம். கேட்க வேண்டியது கொழும்பு என்பதுதான் எமது சிக்கல். பதவிக்காலம் முடிந்து பல ஆண்டுகளாகத் தேர்தலின்றிக் கிடக்கும் வடக்கு, கிழக்கு மாகாண சபைகளுக்கு இதில் ஒரு கடிதம் எழுதும் சக்தி கூட இல்லை.

அப்படியென்றால் யார் செய்வது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும் கிழக்குப் பல்கலைக்கழகமும் எமது கடலின் ஆழநிலையை, இன்று இருக்கிறபடி, அளந்து பதிவுசெய்ய வேண்டும். நீரின் அமிலத்தன்மை, ஒட்சிசன், அடியில் வாழும் உயிரினங்கள் என்பன இன்று பதிவாகாவிட்டால், நாளை பாதிப்பு வந்தாலும் 'முன்பும் இப்படித்தான் இருந்தது' என்று சொல்லிவிடுவார்கள். காணாமல்போனவை பற்றிய பதிவு இல்லாமல் நியாயம் கேட்பது எவ்வளவு கடினம் என்பதை எம்மை விட அறிந்தவர்கள் குறைவு. கடற்றொழிலாளர் சங்கங்கள் ஆழ்கடல் எரிவாயு, கரிச் சேமிப்பு தொடர்பான எந்த ஒப்பந்தத்திலும் கலந்தாலோசிக்கும் உரிமையை எழுத்தில் கேட்க வேண்டும். பாராளுமன்றத்திலுள்ள எமது பிரதிநிதிகள் ஒரு கேள்வியையாவது கேட்கலாம்: வங்கக் கடல் கரிக் களஞ்சியம் பற்றி இந்தியா இலங்கையுடன் பேசியிருக்கிறதா? பதில் 'இல்லை' என்றாலும் அது ஹன்சாட்டில் இருக்கட்டும்.

காபனீரொட்சைட்டு ஐதரேற்று நல்ல விஞ்ஞானம். ஒருவேளை ஒரு நாள் மனிதகுலத்துக்குத் தேவையான விஞ்ஞானமாகவும் அமையலாம். அது தேவையா இல்லையா என்ற விவாதத்தில் இரசாயனம் தெரிந்தவர்களுக்கு ஒரு கதிரை உண்டு. அந்தக் கடலில் தொழில் செய்பவர்களுக்கும் ஒரு கதிரை வேண்டும். அதை எவரும் கொண்டுவந்து போடமாட்டார்கள். படித்து, விளங்கி, நேரத்தோடு போய் இருக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.